உயிரணு யார் பக்கத்துச் சாட்சி?

கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி எந்திரங்கள் ரத்தத்தில் நீந்திப் புற்றுநோயை வேட்டையாடும். கூட்டமாகக் காற்றில் பறந்து மனிதனைத் துரத்தும். மார்பில் மாட்டிய சிமிழிலிருந்து பாய்ந்து வந்து இரண்டு நொடியில் எஃகுக் கவசமாக இறுகும். தன்னைத் தானே நகலெடுத்து உலகத்தையே தின்று தீர்க்கும். நாவலும் சினிமாவும் நாற்பது ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகின்றன. கதை அப்படிச் சொல்லிவிட்டுப் போகட்டும். கதையைச் சுற்றி வளர்ந்துவிட்ட ஒரு தீர்ப்பைத்தான் இங்கே மறுக்கிறேன்: “இது மந்திரமில்லை, அறிவியல். இன்று இல்லாவிட்டால் நாளை வரும். இயற்பியலின் எந்த விதியும் இதைத் தடுக்கவில்லை, பொறியியல் வேலைதான் பாக்கி.” பள்ளி மாணவரும் இதைச் சொல்கிறார், பொறியாளரும் சொல்கிறார், அறிவியல் புனைகதை விமர்சகரும் சொல்கிறார்.

அந்தத் தரப்பின் வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே வைக்கிறேன். 1959 டிசம்பரில் கால்டெக்கில் பேசிய ரிச்சர்ட் ஃபைன்மன், அணுக்களை ஒவ்வொன்றாக நாம் விரும்பிய இடத்தில் வைப்பதற்கு இயற்பியல் விதிகள் குறுக்கே நிற்கவில்லை என்றார். 1986இல் எரிக் டிரெக்ஸ்லர் ‘என்ஜின்ஸ் ஆஃப் கிரியேஷன்’ நூலில், அணு அணுவாக எதையும் கட்டியெழுப்பும் ‘அசெம்பிளர்’ என்ற எந்திரத்தை முன்வைத்தார். 1989இல் ஐபிஎம் ஆய்வகத்தில் டான் ஐக்லர் 35 செனான் அணுக்களை நகர்த்தி நிறுவனத்தின் பெயரையே எழுதிக் காட்டினார். 2016இல் மூலக்கூறு எந்திரங்களுக்காக மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரணு என்ற மறுக்க முடியாத உதாரணம் இருக்கிறது. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நானோ அளவு எந்திரங்கள் இந்த நொடியும் வேலை செய்கின்றன. இயற்கை குருட்டாம்போக்கில் செய்ததை மனிதன் திட்டமிட்டு இன்னும் நன்றாகச் செய்ய முடியாதா என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உயிரணுவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர்கள் அது வாயைத் திறக்கும் முன்பே தங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பை எழுதிவிட்டார்கள். குறுக்கு விசாரணை நடக்கவே இல்லை. நடத்திப் பார்த்தால், அது ஏறக்குறைய ஒவ்வொரு கேள்வியிலும் அவர்களுக்கு எதிராகவே பேசுகிறது.

1. சிறியது என்பது பெரியதன் சுருக்கமா?

1966இல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் வாயேஜ்’ படத்தில் ஒரு நீர்மூழ்கியையும் அதன் ஆட்களையும் சுருக்கி ஒரு மனிதரின் ரத்தக்குழாய்க்குள் செலுத்துகிறார்கள். ஆளைச் சுருக்கும் எண்ணத்தைப் பின்னால் வந்த கதைகள் கைவிட்டன. படத்தின் காட்சி மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. இன்றும் நானோ ரோபாட் என்றால் முன்னால் விளக்கு, பின்னால் சுழலி, பக்கத்தில் இடுக்கிக் கை என்றுதான் வரைகிறோம். நம் உலகத்து எந்திரத்தை அப்படியே குறுக்கி வைத்த உருவம் அது.

இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த உருவத்தை அடியோடு தகர்க்கிறது. நாம் நீந்தும்போது கையை நிறுத்தினாலும் உடல் கொஞ்ச தூரம் முன்னே போகும். இரண்டு மைக்ரோமீட்டர் நீளமுள்ள பாக்டீரியா நொடிக்கு 30 மைக்ரோமீட்டர் வேகத்தில் நீந்துகிறது. அதன் இழையை நிறுத்தினால் அது மேற்கொண்டு போகும் தூரம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் உந்தம் என்பதற்கே வேலையில்லை, பாகுநிலைதான் ஆள்கிறது. வெல்லப்பாகு நிரம்பிய குளத்தில் இறங்கி, நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எந்த உறுப்பையும் அசைக்காமல் நீந்தச் சொன்னால் எப்படியிருக்கும் என்று பர்செல் கேட்டார். திறந்து மூடும் துடுப்பு அங்கே ஓர் அங்குலம்கூட நகர்த்தாது, ஏனெனில் திறக்கும்போது போன தூரத்தை மூடும்போது திரும்பி வந்துவிடும். அதனால்தான் பாக்டீரியா முறுக்கிய இழையைத் திருகாணிபோலச் சுழற்றுகிறது.

இது பாதிதான். நீரின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் ஓயாமல் மோதிக்கொண்டே இருக்கின்றன. ஒரு மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை, தான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை ஏறத்தாழ ஒரு நொடியில் இழந்துவிடும். குறுக்களவு நூறு நானோமீட்டராகச் சுருங்கினால் அதற்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். இலக்கைக் குறிவைத்து நேராகப் பாயும் நானோ எந்திரத்துக்கு முதலில் திசை என்ற ஒன்றே நிலைக்காது. ஈ.கோலி பாக்டீரியா இந்தப் போரில் இறங்குவதில்லை. ஒரு நொடி ஓடுகிறது, உருண்டு கண்டபடி திரும்புகிறது, மறுபடி ஓடுகிறது. உணவு கூடிக்கொண்டே போனால் உருளுவதைத் தள்ளிப்போடுகிறது. முன்னூறு கோடி ஆண்டுகளுக்கு மேலான பரிணாமம் கண்டெடுத்த சிறந்த வழிசெலுத்தல் இது.

காற்றிலும் இதே கதைதான். மைக்கேல் கிரைட்டனின் ‘பிரே’ நாவலில் (2002) நானோ துகள்களின் கூட்டம் நெவாடா பாலைவனத்தில் மனிதர்களைத் துரத்துகிறது. ஒரு மைக்ரோமீட்டர் துகளை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசிப் பாருங்கள். நான்கு மைக்ரோமீட்டர் போவதற்குள் காற்று அதை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு அது காற்றோடு போகுமே தவிரக் காற்றை எதிர்த்துப் போகாது. இந்த ஆட்சேபத்தை இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் நாவல் வந்த சில மாதங்களிலேயே எழுதினார். நாவலைப் பற்றிய பேச்சில் அது எடுபடவே இல்லை.

2. ரைபோசோம் என்ன சொல்கிறது?

எதிர்த்தரப்பு மிகவும் நம்பியிருக்கும் சாட்சி இதுதான், அதனால் இங்கே நிதானமாக நிற்கிறேன். உயிரணுவுக்குள் புரதங்களைக் கோக்கும் ரைபோசோமின் அணுக்கட்டமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அவரும் தாமஸ் ஸ்டைட்ஸும் ஆடா யோனத்தும் தனித்தனியே உழைத்து வெளிக்கொணர்ந்த படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். அங்கே கை என்று எதுவும் இல்லை.

பாக்டீரியாவின் ரைபோசோம் ஏறத்தாழ 20 நானோமீட்டர் அகலம். மூன்று ஆர்என்ஏ இழைகளும் ஐம்பதுக்குச் சற்று அதிகமான புரதங்களும் சேர்ந்த கட்டி. எந்தப் புரதம் என்று சொல்லும் கட்டளை நாடா அதற்குள் மூன்று எழுத்து மூன்று எழுத்தாக நகர்கிறது. அடுத்த அமினோ அமிலத்தை எடுத்து வர எந்த இடுக்கியும் நீளுவதில்லை. அமினோ அமிலம் சுமந்த சிறு ஆர்என்ஏக்கள் நீரில் தத்தளித்துக்கொண்டு தாமாகவே வந்து மோதுகின்றன. பெரும்பாலானவை தவறானவை, பொருந்தாமல் விலகிப் போகின்றன. சரியானது வந்து உட்காரும்போது ரைபோசோமின் ஒரு பகுதி அதைச் சுற்றிச் சற்றே மூடுகிறது, ஓர் ஆற்றல் மூலக்கூறு உடைகிறது, பின்வாங்கும் வழி அடைபடுகிறது. மறுபடியும் ஒரு சரிபார்ப்பு. அதன் பிறகுதான் பிணைப்பு. நொடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலங்கள், சில ஆயிரத்துக்கு ஒன்று தவறு.

கவனியுங்கள். கதையின் நானோ எந்திரத்துக்கு எதிரியாக இருந்த வெப்ப நடுக்கம் இங்கே வேலைக்காரன். மூலக்கூறுகளின் தறிகெட்ட மோதல் நின்றுபோனால் ரைபோசோமும் நின்றுபோகும். அது நீரில்தான் இயங்கும், குறிப்பிட்ட உப்பில், குறிப்பிட்ட வெப்பநிலையில். இருபது வகை அமினோ அமிலங்களை ஒரே வகைப் பிணைப்பால் கோப்பதைத் தவிர வேறொன்றும் அதற்குத் தெரியாது. அணுவை அணுவுக்குப் பக்கத்தில் அது வைப்பதே இல்லை. கோத்து முடித்த சங்கிலி நீரின் தள்ளுதலால் தானாக மடிந்து உருவம் எடுக்கிறது. டிரெக்ஸ்லர் 1992இல் ‘நானோசிஸ்டம்ஸ்’ நூலில் வரைந்து காட்டிய எந்திரங்களோ வைரம்போல விறைப்பான பல்சக்கரங்களும் தண்டுகளும் கொண்டவை. இரண்டும் நேர் எதிரான பொறியியல். ஒன்று இயங்குகிறது என்பதால் மற்றதும் இயங்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்தக் கேள்வியைத்தான் ரிச்சர்ட் ஸ்மாலி எழுப்பினார். கார்பன் அறுபது மூலக்கூறுக்காக 1996இல் நோபல் பெற்ற வேதியியலாளர். 2001இல் அவர் சொன்ன ஆட்சேபம் இரண்டு: அணுவை நகர்த்தும் விரல்களும் அணுக்களால் ஆனவை, அதனால் அந்தச் சிறு இடத்துக்குள் நுழைய முடியாத அளவு தடிமனானவை, பிடித்த அணுவை விட்டுவிட முடியாத அளவு ஒட்டும் குணம் உள்ளவை. டிரெக்ஸ்லர் 2003இல் பதில் சொன்னார்: நான் அணுவைப் பிடிக்கும் விரல் கேட்கவில்லை, நொதிகளைப்போல வினைபுரியும் மூலக்கூறுகளை இடம்பார்த்து நிறுத்தும் ஏற்பாட்டையே கேட்கிறேன். நொதி என்றால் நீர் வேண்டுமே, நீருக்குள் எஃகும் சிலிக்கானும் எப்படிச் செய்வீர்கள் என்று ஸ்மாலி திருப்பிக் கேட்டார். இதில் ஸ்மாலியும் மிகையாகவே பேசினார். கரிமக் கரைப்பான்களில் வேலை செய்யும் நொதிகளை 1980களிலேயே காட்டியிருந்தார்கள். ஆனாலும் அவர் கேள்வியின் நெஞ்சு அசையவில்லை. உயிரணுவை உதாரணம் காட்டினால் உயிரணுவின் கட்டுப்பாடுகளையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அதன் கட்டுப்பாடுகள் வேண்டாம் என்றால் அதன் உதாரணமும் கிடையாது.

புனைகதையில் இதை உள்ளூர உணர்ந்தவர் கிரெக் பேர் என்பேன். அவருடைய ‘பிளட் மியூசிக்’ (1985) நாவலின் விஞ்ஞானி பல்சக்கரங்களைக் கட்டவில்லை. தன்னுடைய வெள்ளணுக்களையே மாற்றி அமைக்கிறான். முடிவில் நாவல் அறிவியலை விட்டு வெகு தூரம் பறந்துவிடுகிறது. ஆனால் எந்தப் பொருளில் தொடங்குவது என்பதை அவர் சரியாகத் தேர்ந்தெடுத்தார்.

3. பெருகும் என்றால் எதைத் தின்று பெருகும்?

தன்னை நகலெடுக்கும் எந்திரம் உலகை விழுங்கும் என்ற பயத்துக்கு அடித்தளம் ஒரு பெருக்கல் கணக்கு. டிரெக்ஸ்லரின் 1986 நூலில் அந்த எந்திரம் ஆயிரம் நொடிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. பத்து மணி நேரத்தில் 6,800 கோடி, இரண்டு நாளுக்குள் பூமியைவிட அதிக எடை. அதற்கும் முன்னால் 1969இலேயே கிரைட்டன் ‘தி ஆண்ட்ரோமிடா ஸ்ட்ரெய்ன்’ நாவலில் ஈ.கோலியை வைத்து இதே கணக்கைப் போட்டார்: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும் ஒரே ஒரு பாக்டீரியா ஒரே நாளில் பூமியளவு எடைக்குப் பெருகிவிடும் என்று.

போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் 72 இரட்டிப்பு. ஒரு ஈ.கோலியின் எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 72 முறை இரட்டித்தால் கிடைப்பது ஏறத்தாழ 4,700 டன். பூமியின் நிறை 6க்குப் பக்கத்தில் 21 சுழி போட்ட டன். பெருக்கலிலேயே கணக்கு உதைக்கிறது. அதற்கு ஒரு நாள் போதாது, 44 மணி நேரம் வேண்டும்.

அந்தப் பிழையை மன்னித்துவிடலாம். பெரிய பிழை வேறு. அந்த 4,700 டன் பாக்டீரியா வளர 2,500 டன்னுக்கு மேல் சர்க்கரை வேண்டும், அதில் பாதி கடைசி இருபது நிமிடத்தில் வேண்டும். அதைவிட முக்கியம், அந்தக் கடைசி இரட்டிப்பில் வெளிவரும் வெப்பம் மொத்தக் குவியலையும் கொதிக்கவைத்துவிடும். பாக்டீரியாவைப் பெரிய கொப்பரைகளில் வளர்க்கும் மருந்து ஆலைகள் நாள்தோறும் போராடுவது ஆக்சிஜனைக் கொடுப்பதற்கும் வெப்பத்தை வெளியேற்றுவதற்கும்தான். வேகத்துக்கு இன்னொரு எல்லையும் இருக்கிறது. ரைபோசோமின் புரதங்களில் மொத்தம் சுமார் ஏழாயிரத்து ஐநூறு அமினோ அமிலங்கள். நொடிக்கு இருபது வீதம் கோத்தாலும் ஒரு ரைபோசோம் இன்னொன்றுக்கு வேண்டிய புரதத்தை மட்டும் செய்து முடிக்க ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

பாக்டீரியாக்கள் முன்னூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பூமியில் இருக்கின்றன. நகலெடுக்கத் தெரியும், எதையும் தின்னத் தெரியும், பாறையிலும் வெந்நீர் ஊற்றிலும் பிழைக்கத் தெரியும். அவை பூமியைத் தின்று தீர்க்கவில்லை. நல்லெண்ணத்தால் விட்டுவைக்கவில்லை, உணவும் ஆற்றலும் வெப்பமும் போட்டியும் நிறுத்தின. நானோ எந்திரத்துக்கு மட்டும் இந்த நான்கிலிருந்தும் விலக்கு யார் கொடுத்தது? நானோ மருத்துவத்தின் தீவிர ஆதரவாளரான ராபர்ட் ஃப்ரைட்டாஸ்கூட 2000இல் கணக்கிட்டு, இத்தகைய பெருக்கம் வேகமாக நடந்தால் அதன் வெப்பமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். டிரெக்ஸ்லரும் 2004இல் கிறிஸ் ஃபீனிக்ஸுடன் எழுதிய கட்டுரையில், நானோ உற்பத்திக்குத் தன்னை நகலெடுத்துத் திரியும் எந்திரம் தேவையே இல்லை என்று ஒதுங்கினார். பயத்தைத் தொடங்கிவைத்தவர் விலகிய பிறகும் பயம் விலகவில்லை.

நீல் ஸ்டீஃபன்சனை இந்த இடத்தில் பாராட்ட வேண்டும். ‘தி டைமண்ட் ஏஜ்’ (1995) நாவலில் பொருளைத் தொகுக்கும் பெட்டி வெறும் காற்றிலிருந்து எதையும் செய்வதில்லை. மூலக்கூறுகளைக் குழாய்வழியே கொண்டுவரும் ‘ஃபீட்’ வேண்டும். அந்தக் குழாய் யார் கையில் என்பதுதான் நாவலின் அரசியல். மூலப்பொருள் எங்கிருந்து வரும் என்று ஒரு நாவலாசிரியர் கேட்டுக்கொண்டதால் ஒரு சமூகமே அவருக்குக் கதையாகக் கிடைத்தது.

4. ஒட்டுவது சரி, பிரிவது எப்படி?

2018இல் ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ படத்தில் டோனி ஸ்டார்க்கின் கவசம் துகள்களாகப் பாய்ந்து வந்து இறுகுகிறது, தேவைப்பட்டால் வாளாகிறது, கேடயமாகிறது, வேலை முடிந்ததும் கரைந்து உள்ளே போகிறது. “நானோ டெக்னாலஜி” என்ற ஒரே விளக்கம் எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது.

இதில் உள்ள முரணைப் பாருங்கள். கவசம் குண்டைத் தாங்க வேண்டுமென்றால் துகளும் துகளும் உலோகப் பிணைப்பின் வலுவோடு ஒட்ட வேண்டும். 10 நானோமீட்டர் இரும்புத் துகள்கள் அப்படி ஒட்டும்போது அவற்றின் பரப்பு மறைந்து வெளிவரும் வெப்பம் அந்த இரும்பையே இருநூறு டிகிரிக்கு மேல் சூடேற்றப் போதுமானது. உள்ளே இருக்கும் மனிதர் வெந்துபோவார். அதைத் தவிர்க்கத் துகள்கள் லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கலாம் என்றால், கவசம் மணல் பொம்மையின் வலுவோடுதான் நிற்கும். வலுவாக ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க வேண்டுமானால் வெளியே போன அத்தனை ஆற்றலையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். வலு, வேகம், மீளும் தன்மை மூன்றையும் ஒரே பரப்பில் கேட்கிறது அந்தக் காட்சி. நம் தசைப் புரதங்கள் நொடிக்குப் பலமுறை ஒட்டிப் பிரிகின்றன, உண்மை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஆற்றல் மூலக்கூறைச் செலவழிக்கின்றன. அந்தப் பிணைப்பின் வலு எஃகின் பிணைப்புக்குப் பக்கத்தில்கூட வராது.

5. ஆணையிடுவது யார்?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஈ.கோலியின் மொத்த மரபுக் கட்டளை 46 லட்சம் எழுத்து, கணினிக் கணக்கில் ஒரு மெகாபைட்டைச் சற்றே தாண்டும். முகம் அறிந்து, திட்டமிட்டு, ஏமாற்றி வேட்டையாடும் அறிவுக்கு அந்த உடலில் இடமில்லை. கூட்டமாகச் சேர்ந்து யோசிக்கும் என்றால் ஒன்றோடொன்று பேச வேண்டும். வேதிச் செய்தி நீரில் பரவி ஒரு மைக்ரோமீட்டர் போக ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது, ஒரு சென்டிமீட்டர் போகவோ அரை நாளுக்கு மேல் ஆகும். ரத்த ஓட்டமும் நரம்பும் உடலுக்கு ஏன் வேண்டியிருந்தன என்பது இதனால்தான். வானொலி அலையில் பேசலாம் என்றால், அலைநீளத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறிய ஆன்டெனா அந்த அலையைப் பெறவே திணறும்.

6. முடியாது என்றவர்கள் எப்போதும் தோற்றார்களா?

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு வரலாற்றை எடுக்கும். 1896இல் கெல்வின் பிரபு, பலூனைத் தவிர வேறெந்த வான்பயணத்திலும் தமக்குத் துளி நம்பிக்கை இல்லை என்று எழுதினார். ஏழே ஆண்டில் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். ஆகவே நானோ ரோபாட்டை மறுக்கிறவர்களும் நாளை வெட்கப்படுவார்கள் என்பது வாதம்.

கெல்வின் தோற்றது உண்மை. தோற்றதற்குக் காரணம், கண்முன்னே பறந்த பறவை தந்த சான்றை அவர் சரியாகப் படிக்கவில்லை. காற்றைவிடக் கனமான உடல் காற்றில் பறக்கும் என்பதைப் பறவை நிரூபித்திருந்தது, விமானமும் அதே காற்றில், அதே இறக்கைத் தத்துவத்தில்தான் எழுந்தது. நானோ எந்திரத்தின் விஷயத்தில் இயற்கைச் சான்றைத் தவறாகப் படிப்பது மறுக்கிறவர்கள் இல்லை, நம்புகிறவர்கள். உயிரணு, ‘நீரிலும் நடுக்கத்திலும் மென்மையான பொருளால் இப்படிச் செய்யலாம்’ என்கிறது. அவர்கள் காதில் ‘எங்கும், எதனாலும், எப்படியும் செய்யலாம்’ என்று விழுகிறது. அப்புறம், முடியாது என்றவர்கள் வென்ற வரலாறும் உண்டு. நிரந்தர இயக்க எந்திரத்துக்கு நூற்றாண்டுகளாக வரைபடங்கள் வந்துகொண்டே இருந்தன. வெப்ப இயக்கவியல் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஐக்லரின் 35 அணுக்களையும் சரியாகப் படிக்க வேண்டும். நிக்கல் பரப்பில், வெற்றிடத்தில், தனிச்சுழிக்குச் சில டிகிரி மேலே இருக்கும் குளிரில், ஒரு பெரிய கருவியால் நகர்த்தப்பட்டவை அவை. அணுவைத் தள்ள முடியும் என்று அது காட்டியது. தள்ளும் கருவியைச் சிறிதாக்க முடியும் என்று காட்டவில்லை.

7. ‘கதைதானே’ என்று விட்டுவிடலாமா?

நல்ல நண்பர்கள் என்னிடம் கேட்பது இது. கதைக்கு எதற்கு இயற்பியல் பரீட்சை? டிராகன் பறக்கும் கதையில் இறக்கையின் அளவை யாரும் அளப்பதில்லையே? சரி. டிராகன் கதை தன்னை அறிவியல் என்று சொல்லிக்கொள்வதில்லை, படித்துவிட்டு யாரும் டிராகனுக்குப் பயந்து ஊசி போடாமல் இருப்பதில்லை.

2021இல் தடுப்பூசிக்குள் நானோ ரோபாட் இருக்கிறது, சிப் இருக்கிறது என்ற வதந்தி உலகெங்கும் ஓடியது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டிலும் கோவாக்சினிலும் கொழுப்பு நானோ துகள்கூடக் கிடையாது. எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் அது இருந்தது: நான்கு வகைக் கொழுப்பு சேர்ந்த, நூறு நானோமீட்டருக்கு உட்பட்ட உருண்டை. மோட்டார் இல்லை, ஆணை இல்லை. உயிரணுவுக்குள் அமிலச் சூழலில் மின்னூட்டம் மாறி உறையைக் கிழித்து வெளியேறுவது மட்டுமே அதற்குத் தெரிந்த வித்தை, அதிலும் மிகச் சிறு பங்குதான் வெற்றி பெறுகிறது. இந்த அழகான வேதியியலை மக்களிடம் சொல்லியிருந்தால் பயத்துக்கு இடம் குறைந்திருக்கும். நாம் நாற்பது ஆண்டுகளாக அவர்கள் மனத்தில் விதைத்ததோ கொடுக்குள்ள எந்திரத்தின் படத்தை.

உண்மையான ஆபத்தையும் அதே படம் மறைக்கிறது. பிரிட்டனின் ராயல் சொசைட்டியும் ராயல் பொறியியல் அகாதெமியும் 2004இல் வெளியிட்ட அறிக்கை, தன்னை நகலெடுக்கும் எந்திரத்தைப் பற்றிய கவலையை ஓரம்கட்டிவிட்டு, மூச்சோடு உள்ளே போகும் நானோ துகள்களையும் குழாய்களையும் பற்றிக் கவலைப்பட்டது. நீண்ட கார்பன் நானோ குழாய்கள் எலியின் உடற்குழிச் சவ்வில் கல்நார் இழையைப் போன்ற பாதிப்பை உண்டாக்குவதாக 2008இல் ஆய்வு வந்தது. உலகைத் தின்னும் எந்திரத்தைப் பற்றிப் பேசியவர்களில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

நம் வயலுக்கு வருவோம். 2021இல் நானோ யூரியா சந்தைக்கு வந்தது. 500 மில்லி குப்பி ஒன்று 45 கிலோ யூரியா மூட்டைக்கு ஈடு என்றார்கள். மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்கு மேல். குப்பியில் 4 சதவீதம், அதாவது 20 கிராம். மண்ணில் இடும் யூரியாவில் பெரும்பகுதி வீணாகிறது, இலையில் தெளித்தால் வீணாகாது என்பது ஆதரவாளர்களின் பதில். மூட்டையில் முப்பது சதவீதமே பயிருக்குப் போகிறது என்று வைத்தாலும் 6 கிலோ. குப்பியில் ஒரு துளி வீணாகாமல் முழுவதும் உள்ளே போனாலும் 20 கிராம். ஒரு டன் நெல் விளையப் பயிர் எடுப்பது 15 முதல் 20 கிலோ தழைச்சத்து. குப்பியின் அடர்த்தியை 20 சதவீதமாக உயர்த்தினாலும் 100 கிராம்தான். துகளை எவ்வளவு சிறிதாக்கினாலும் நைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கை கூடாது. இந்தக் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கல். ‘நானோ’ என்ற சொல்லைக் கேட்டதும் அளவுக்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பு அற்றுப்போகிறது என்று நம்பப் பழகியிருக்கிறோம், அதனால் பெருக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் பழக்கத்துக்குக் கதைகள் பொறுப்பே இல்லை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது கட்டுப்பாட்டை மட்டும் அல்ல, புதையலையும்தான். புற்றுநோய்க் கட்டியை நோக்கி அனுப்பப்பட்ட நானோ துகள்களைப் பற்றிய பத்தாண்டு ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, செலுத்திய அளவில் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலையாக 0.7 சதவீதம். மீதி 99 பங்குக்கு மேல் வழியில் தொலைந்தது. ரத்தத்தில் இறங்கிய கணத்திலேயே புரதங்கள் வந்து துகளின் மேல் ஒட்டி அதன் அடையாளத்தை மாற்றுகின்றன. கல்லீரலின் விழுங்கணுக்கள் அந்த அடையாளத்தைப் படித்து அதைப் பிடிக்கின்றன. மண்ணீரல் வடிகட்டுகிறது, சிறுநீரகம் சின்னதை வெளியேற்றுகிறது. எஞ்சியவை கட்டியின் ஓட்டை ரத்தக்குழாய்களில் தற்செயலாகக் கசிகின்றன. ஒவ்வொரு படியிலும் அடையாளம், மறைவு, காட்டிக்கொடுப்பு, தற்செயல் எல்லாம் இருக்கின்றன. தமிழில் இதைக் களமாகக் கொண்ட ஒரு நாவலாவது வர வேண்டும், மூலக்கூறுகளின் மோதலை எதிரியாகவும் துணையாகவும் அறிந்த ஒருவர் அதை எழுத வேண்டும்.